யவனர் மதுவும் அதியமான் கள்ளும்



1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். இன்றைய நாமக்கல்லும் தருமபுரியும் அன்று அதற்குள் அடங்கியிருந்தன. ஆனால் தமிழர் மதுவின் கதை மிகப் பழையது.

யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த, குளிர்ந்து மணக்கும் தேறலைப் பொற்கலத்தில் அருந்தி இனிது வாழ்க என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார் (புறநானூறு 56). அரிக்கமேட்டில் யவனர் மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்துள்ளன. கோஸ் தீவுச் சாடிகளும் அவற்றில் உண்டு. அத்தீவார் திராட்சைச் சாற்றோடு கடல்நீர் கலந்து மது செய்தவர்கள். அதில் இனிப்போடு லேசாக உப்பும் கரித்திருக்கும்.

நம் பக்கத்துத் தகடூரில் நிலைமை வேறு. அதியமான் இறந்தபோது ஔவையார் சொல்லி அழுவதைப் பாருங்கள் (புறம் 235). கள் கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் உடனிருந்து அருந்துவான். சோறு குறைவானாலும் பல கலங்களில் பகிர்வான். எலும்போடு கூடிய கறி கிடைத்த இடமெல்லாம் எங்களுக்குத்தான்.

கள்ளுக்குத் துணை கறியும் சோறும். அதைவிடப் பெரிய துணை, உடன் உட்கார்ந்து உண்ணும் மனிதர்கள்.

"சங்க காலத்திலேயே குடித்தார்களே" என்று வாதாடுவோருக்கு ஒன்று சொல்வேன். கூலியைக் கடையில் கொடுத்துவிட்டு, வீட்டில் உலை கொதிக்காதிருக்கத் தனியே குடிப்பதற்கு ஔவையாரைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.