காப்பீட்டு நிறுவனங்களும் உயர்மாடக் கட்டடங்களும்

மாடம் என்னும் சொல் நம் பழந்தமிழ் நூல்களிற் பெரிதும் பயின்று வருவது. மதுரைக்கு மாடக்கூடல் என்பதே ஒரு பெயர். ஆயின், அம் மாடங்கள் அவற்றில் வாழ்ந்தோரின் செல்வத்தைக் காட்டி நின்றவை. அறை அறையாகப் பகுத்து வாணிகர்க்கும் வழக்கறிஞர்க்கும் வாடகைக்கு விடுதற்கென்றே அடுக்கிய அலுவலக மாடம் சென்ற நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் வளர்ந்த ஒன்றாகும். அதன் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கட்டடக் கலைஞரின் பெயர்களையும் இரும்பு, சிமெண்டு முதலிய பொருள்களையும் வரிசைப்படுத்திச் செல்வர். கட்டியவர் யார் என்பதினும் கட்டுவித்தவர் யார் என்பதையே நாம் ஈண்டு வினவ விரும்புகின்றோம். அங்ஙனம் வினவும்போது, திருப்பம் நேர்ந்த இடங்கள் சிலவற்றில் ஆயுட் காப்பீட்டு நிறுவனமோ தீக்காப்பீட்டு நிறுவனமோ நிற்கக் காண்கின்றோம்.

இதற்குக் காரணம் அத்தொழிலின் இயல்பிலேயே உள்ளது. ஆயுட் காப்பீட்டில் தவணைப் பணம் இன்று வந்து சேர்கின்றது. கொடுக்க வேண்டிய தொகையோ இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தே கொடுக்கப்படுகின்றது. இடையில் அப்பணம் நெடுங்காலம் அழியாமல் நின்று வருவாய் தரும் ஒன்றில் முடங்கியிருத்தல் வேண்டும். நகர நடுவில் நிலமும் அதன்மேல் வாடகைக் கட்டடமும் அதற்குப் பொருந்தின. மற்றொன்றும் உண்டு. காப்பீடு செய்தவன் கையில் இருப்பது ஒரு தாள் மட்டுமே. அத்தாளை நம்புதற்குக் கண்ணெதிரே கல்லும் இரும்புமாக ஏதேனும் நிற்க வேண்டியிருந்தது. எனவே கட்டடம் முதலீடாகவும் விளம்பரமாகவும் ஒருங்கே பயன்பட்டது.

நியூயார்க்கில் ஈக்விடபிள் ஆயுட் காப்பீட்டு நிறுவனம் 1870-இல் கட்டி முடித்த மனையை முதற்கண் கருதலாம். அதற்கு முன்னர் அலுவலகக் கட்டடங்கள் நான்கைந்து தளங்களுக்கு மேற் செல்லவில்லை. படியேற மக்கள் விரும்பாமையால் மேல்தளங்கள் குறைந்த வாடகைக்கே போயின. கயிறு அறுந்தாலும் விழாத ஏற்றப்பொறியை எலிஷா ஓடிஸ் 1854-இல் அந்நகரப் பொருட்காட்சியில் மக்கள் முன் இயக்கிக் காட்டினார். எனினும், ஆட்கள் ஏறிச்செல்லும் பொறியை அலுவலகக் கட்டடம் ஒன்றில் முதன்முதல் அமைத்த பெருமை ஈக்விடபிளுக்கே உரியது. அதன்பின் மேல்தளம் இழிந்த இடமாகக் கருதப்படவில்லை. தெருவின் இரைச்சலும் தூசியும் எட்டாத இடம் என்று மதிக்கப்பட்டது.

அடுத்த திருப்பம் சிக்காகோவில் நேர்ந்தது. 1871-இல் பெருந்தீ அந்நகரின் நடுப்பகுதியை அழித்தது. மீண்டும் கட்டும் முயற்சி நிகழ்ந்த காலத்தில் ஹோம் இன்ஷூரன்ஸ் என்னும் தீக்காப்பீட்டு நிறுவனம் அங்கே ஒரு கிளை மனையை எழுப்ப முனைந்தது. தீப்பற்றாமை, நல்ல வெளிச்சம் உள்ள சிற்றறைகள் பல என்பனவே அதன் வேண்டுகோள். இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதுவன. செங்கற் சுவரே மேல்தளங்களின் சுமையைத் தாங்குமாயின், தளம் ஏற ஏற அடிச்சுவர் தடிக்கும், சன்னல் சுருங்கும், வாடகைக்கு உரிய பரப்பும் குறையும். அதே நகரில் 1891-இல் சுவரின் வலிமையையே நம்பி 16 தளங்களாக எழுந்த மொனாட்நாக் கட்டடத்தின் அடிச்சுவர் 6 அடி தடிப்புடையது. வில்லியம் லெ பாரன் ஜென்னி என்னும் பொறியாளர் ஹோம் மனையில் வேறு வழி கண்டார். சுமையை இரும்புச் சட்டகத்தின் மேல் ஏற்றினார். மேற்பகுதியில் எஃகு விட்டங்களையும் இட்டார். பத்துத் தளங்களும் 138 அடி உயரமும் உடைய அக்கட்டடம் 1885-இல் முடிவுற்றது. 1891-இல் மேலும் இரு தளங்கள் சேர்க்கப்பெற்றன.

இதனையே உலகின் முதல் வானளாவி எனக் கூறுவர். அவ்வாறு துணிந்து கூறுதல் பொருந்துமா என்பது ஆய்வுக்குரியது. அதன் பின்சுவரும் பக்கச் சுவர்களும் பழைய முறையிலேயே சுமை தாங்கின. ஆதலின் முழுச் சட்டகக் கட்டடம் அதுவன்று. பழையதும் புதியதும் கலந்த ஓர் இடைநிலை என்பதே நம் கருத்து. 1931-இல் அது இடிக்கப்பட்டது.

தீப்பற்றாதது என நம்பப்பட்ட ஈக்விடபிள் மனை 1912 சனவரியில் எரிந்து உள்ளிடிந்தது. உயிர்ச்சேதமும் நேர்ந்தது. ஆயின் நிலவறையில் இருந்த பத்திரங்கள் பிழைத்தன! அவ்விடத்தில் 1915-இல் எழுந்த பெருங்கட்டடம் தெருவை நிழலில் ஆழ்த்தியதால் எழுந்த எதிர்ப்பு, 1916-இல் நியூயார்க் கட்டட வரைமுறைச் சட்டம் தோன்றுதற்கு ஒரு தூண்டுதலாயிற்று.

சென்னை மவுண்ட் ரோட்டிலும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியைக் காண்கின்றோம். அச்சாலையில் 1897-இல் ஜே. எச். ஸ்டீபன்ஸ் என்பார் ஸ்மித் என்னும் மருந்து வாணிக நிறுவனத்திற்காகச் செங்கல்லாலும் சுண்ணத்தாலும் ஒரு மாளிகை கட்டினார். இந்தோ-சாரசனிய முறையில் கோபுரங்களும் வளைவுகளும் உடைய அதனைப் பாரத் இன்ஷூரன்ஸ் நிறுவனம் 1934-இல் விலைக்குக் கொண்டது. பிறர் கட்டிய அழகைத் தன் முகமாக ஏற்றுக்கொண்டது எனலாம். யுனைடெட் இந்தியா ஆயுட் காப்பீட்டு நிறுவனமோ புதிதாகவே கட்டத் துணிந்தது. அதன் தலைவர் எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய பணி 1953-இல் நிகழலாயிற்று. அடுத்த ஆண்டே அவர் சிங்கப்பூர் விமான விபத்தில் மறைந்தார். 1956-இல் ஆயுட் காப்பீடு நாட்டுடைமை ஆகி, 245 நிறுவனங்கள் ஒன்றாயின. பாரத் மாளிகையும் முடிவுறாத புதுக் கட்டடமும் அங்ஙனமே ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் கைக்கு வந்தன.

லண்டன் கலைஞர் பிரவுன், மௌலின் ஆகியோர் வகுத்த திட்டத்தை எல். எம். சித்தாலே நிறைவேற்றினார். கருதிய தளங்கள் அனைத்தும் எழவில்லை. எனினும் கற்காரைத் தூண்களின்மேல் 177 அடி உயர்ந்து 1959-இல் அது திறக்கப்பெற்றது. பதினான்கு மாடி என்றே ஊரார் அதனை வழங்கினர். சுண்ணச் சுவரையே கண்டு பழகிய நகரில் சுவர் வெறும் திரையாகவும் தூண் உடலாகவும் அமைந்தமை பெருமாற்றம். 1975 சூலையில் அதன் மேல்தளங்கள் தீக்கிரையாயின. ஆயினும் சட்டகம் நிலைத்தது. கட்டடம் செப்பம் செய்யப்பெற்று மீண்டும் பயன்பட்டது. நியூயார்க் மனை இடிந்ததையும் இது நின்றதையும் ஒருங்குவைத்து நோக்குதல் தகும்.

பாரத் மாளிகையின் நிலை வேறு. பழுதுற்றது என்று கூறி 2006-இல் உரிமையாளராகிய கழகமே அதனை இடிக்கத் தொடங்கிற்று. மரபுச் சின்னம் காப்போர் வழக்குத் தொடுக்க, உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அதற்குள் மாளிகையின் ஒரு பகுதி இடிந்துவிட்டது.