அத்தியின் பெயரைச் சுமக்கும் கள்ளி

மொட்டைமாடித் தொட்டியில் வளர்ந்து, ஆண்டில் சில இரவுகள் மட்டும் பூக்கும் அந்தப் பெரிய வெள்ளைப் பூவைத் தமிழ்நாட்டில் பலரும் பிரம்ம கமலம் என்கிறார்கள். தாமரைக்கும் அதற்கும் உறவே இல்லை. மெக்சிகோவிலும் குவாத்தமாலா, ஹோண்டுராஸ் காடுகளிலும் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழும் கள்ளி அது. மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. பட்டை இடுக்கில் மக்கிய சருகும் மழைநீருமே அதற்குப் போதும்.

தாவரவியல் பெயர் எபிஃபில்லம் ஆக்ஸிபெட்டலம். ‘எபி’ என்றால் கிரேக்கத்தில் மேல், ‘ஃபில்லான்’ என்றால் இலை. 1689இல் இச்சொல்லை எழுதியவர் பவுல் ஹெர்மன். 1670களில் இலங்கையில் டச்சுக் கம்பெனியின் மருத்துவராக இருந்து, அத்தீவின் செடிகளைத் திரட்டியவர். அவர் சுட்டியது இதன் நெருங்கிய உறவுச் செடியை. ஆனால் இலை என்று தோன்றுவது தட்டையாகிவிட்ட தண்டு. அதன் ஓரப் பள்ளங்களில் கள்ளிகளுக்கே உரிய கணுக்கள் உண்டு. மொட்டு அங்கிருந்துதான் கிளம்புகிறது. பொருள் பிசகியிருந்தும், 1812இல் ஹாவொர்த் அதையே பேரினப் பெயராக்கினார். ‘ஆக்ஸிபெட்டலம்’ கூரிய இதழைக் குறிக்கும். 1828இல் டி கண்டோல் சூட்டியது.

சீனப் பெயரின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே இது ‘தான்ஹுவா’. ‘ஹுவா’ என்றால் பூ. ‘தான்’ வடமொழி ‘உதும்பர’த்தின் நடுத்துண்டு, உதும்பரம் என்பது நம் அத்தி. அத்தியின் பூ காயின் உள்ளேயே ஒளிந்திருப்பதால் கண்ணுக்குப் படாது. அரிதாக நிகழ்வதை நாம் ‘அத்தி பூத்தாற்போல’ என்கிறோம். புத்தர் தோன்றுவதன் அருமையைப் பௌத்த நூல்களும் உதும்பரப் பூவைக் காட்டியே சொல்லின. அந்நூல்களோடு சொல்லும் சீனம் போனது. குமாரஜீவர் 406இல் மொழிபெயர்த்த தாமரைச் சூத்திரத்தில் அது இருக்கிறது. பல நூற்றாண்டு கழித்து அமெரிக்கக் கள்ளி வந்து, இரவில் விரிந்து விடிவதற்குள் வாடியபோது, காத்திருந்த பெயர் அதற்குக் கிடைத்தது. அத்தி மரம் இங்கே, அதன் பெயர் சீனத்தில், பெயருக்குரிய செடியோ மெக்சிகோவிலிருந்து!

பிரம்ம கமலமும் இரவல் பெயர்தான். அதற்கு உரிய செடி இமயத்தின் உயரங்களில் வளரும் சாசூரியா. சூரியகாந்திக் குடும்பம், உத்தரகண்டின் மாநில மலர். அதைப் பறித்துக் கோயில்களில் படைக்கிறார்கள். ஒரே பெயர் இரண்டுக்கும் வழங்குவதால், மலைச்செடியைப் பற்றிய செய்திக்குத் தொட்டிக் கள்ளியின் படம் போடுவது வழக்கமாகிவிட்டது. இமயச் செடிக்கு இது நியாயமில்லை.

கேரளத்தில் தொட்டிக் கள்ளியை நிஷாகந்தி என்கிறார்கள். ‘நிஷா’ இரவு, ‘கந்தி’ மணமுடையது. அந்துப்பூச்சிகளை இருளில் அழைப்பது அந்த மணம்தான் என்பதால் பெயர் செடிக்கு அப்படியே பொருந்துகிறது. நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர்களே, பெயர்ப்பலகையில் நிஷாகந்தி என்று எழுதுங்கள். பிரம்ம கமலத்தை இமயத்துக்கே விட்டுவிடுவோம்.