தரங்கம்பாடி: அலை அரித்ததும் அச்சு காத்ததும்

சோழநாட்டுக் கடற்கரையில் தரங்கம்பாடி விடுதியில் தங்குவோர், கடற்காற்று வாங்கியதோடு திரும்பிவிடலாகாது. நடக்கும் தொலைவிலேயே நானூறாண்டு வரலாறு நிற்கிறது. தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் 1620இல் இசைவு பெற்று டேனியர் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டையைக் காண்க. அருகே, பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்புறத்தை அலை அரித்துவிட்டது. அரசர் தெருவில், 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்துள் சீகன்பால்கு துயில்கிறார். 1706இல் வந்திறங்கித் தமிழ் கற்ற அவர், புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715இல் அச்சிட்டு முடித்தார்.

வாணிகம் நலிய, 1845இல் ஊர் ஆங்கிலேயருக்கு விலையாயிற்று. 1926இல் வந்த இருப்புப்பாதையும் 1986இல் நின்றுபோயிற்று. கோட்டை கைமாறிற்று, கோயிற்கல் கடலுள் வீழ்ந்தது, அச்சேறிய தமிழோ நிலைத்தது. அயல்மாநிலத்தில் மக்களை வளர்க்கும் நாம், விடுமுறையில் அவர்களுக்கு இவ்வூரைக் காட்டுவோமாக. தமிழெழுத்தைக் கற்கும் ஆர்வம் அங்கே பிறக்கும்.