துயருற்ற மூளையும் காந்தச் சுருளும்

உளச்சோர்வுற்றோரை மனவலிமை அற்றவர் என்று உலகம் நெடுங்காலம் பழித்து வந்தது. அந்நோய் குடிகொண்ட மூளையைக் கண்ணாற் காணவும், மண்டையோட்டைத் திறவாமலே அதனைத் தூண்டவும் அறிஞர் முயன்ற வரலாறு, அப்பழிக்கு ஒரு விடையாகும்.

இவ்வரலாற்றின் வேர் 1831ஆம் ஆண்டில் உள்ளது. மாறுகின்ற காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கும் என்று மைக்கேல் பரடே அவ்வாண்டிற் காட்டினார். மூளையும் மின்னைக் கடத்தும் பொருளே. ஆயினும், அவ்வுண்மையை மூளைக்குப் பயன்படுத்தும் கருவி உருவாக நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. 1985இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் அந்தனி பார்க்கரும் அவர் துணைவர்களும் ஒருவரின் தலைமீது கம்பிச்சுருளொன்றை வைத்து, கணநேர மின்துடிப்பைச் செலுத்தினர். அவருடைய கைத்தசை தானே அசைந்தது.

1938இல் உரோமாபுரியிற் செர்லெட்டியும் பினியும் தொடங்கிய மின்னதிர்ச்சி மருத்துவம் வலிப்பை உண்டாக்கியே நோயைத் தணித்தது. வலிப்பின்றி அப்பயனைப் பெறுதல் கூடுமோ என்ற வினா இப்பொழுது எழுந்தது. உளச்சோர்வுற்றோர் பலரின் முன்மூளையில் இயக்கம் குன்றியிருப்பதைப் பொசித்திரன் படங்கள் முன்னரே காட்டியிருந்தன. அவற்றை வழிகாட்டியாகக் கொண்டு, 1995இல் அமெரிக்காவில் மார்க் ஜோர்ஜும் குழுவினரும், மருந்துக்கு இணங்காத அறுவரின் இடது முன்மூளையை நாள்தோறும் காந்தத்தால் தூண்டினர். அவர்களுள் இருவர் பெரிதும் தேறினர். 2008இல் அந்நாட்டரசு இம்மருத்துவத்துக்கு அனுமதி வழங்கியது.

ஆனால், குறி வைத்த முறையோ மிக எளியது. பெருவிரலை அசைக்கும் இடத்தைக் கண்டறிந்து, அங்கிருந்து 5 சென்ரிமீற்றர் முன்னே சுருளை நகர்த்துவதே வழக்கம். தலைகள் ஒரே அளவின அல்லவாதலால், ஒருவருக்குப் பொருந்திய அளவு மற்றொருவருக்குப் பிழைத்தது.

இவ்விடத்திற் படங்கள் மீண்டும் துணைக்கு வந்தன. துயரத்தின்போது மூளையின் ஆழத்தில் ஒரு பகுதி மிகுந்து இயங்குவதையும், நோய் தணியும்போது அவ்வியக்கம் குறைவதையும் 1999இல் ஹெலன் மேபர்க் குழுவினர் வெளியிட்டனர். சுருளின் காந்தம் அவ்வாழத்தை நேரே எட்டாது. ஆயினும், மேற்பரப்பின் சில இடங்கள் அப்பகுதியோடு எதிர்த்தராசுத் தட்டுப்போல் இயங்குவதையும், அவ்விணைப்பு வலுவாக உள்ள இடங்களைத் தூண்டுதலே மிகுந்த பயன் தருவதையும் 2012இல் மைக்கேல் பொக்ஸ் குழுவினர் எடுத்துக்காட்டினர். பின்னர் ஸ்ரான்பேர்ட் பல்கலைக்கழகத்தார் ஒவ்வொருவரின் மூளைப்படத்தையும் பார்த்து இடங்குறித்து, நாளொன்றுக்குப் பத்து முறையாக ஐந்து நாட்கள் தூண்டும் முறையை வகுத்தனர். அம்முறை 2022இல் அனுமதி பெற்றது.

எனினும், வரலாறு வெற்றி முழக்கத்தோடு முடியவில்லை. பிரித்தானியாவில் 255 நோயாளரிடம் நடத்தி 2024இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மூளையின் இணைப்பைக் காட்டும் படத்தால் இடங்குறித்தவர்களும், அமைப்பை மட்டும் காட்டும் படத்தால் இடங்குறித்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவிலேயே தேறினர். நுண்ணிய படம் மிகுந்த பயனைத் தந்தே தீரும் என்ற எண்ணம் அங்கே நிறைவேறவில்லை.

படம் நோயின் முழு விளக்கமன்று. அது வழிதேடுவோன் கையிலுள்ள வரைபடமே. ஆயினும், சோர்வுற்றவனைப் பழித்த உலகம், இன்று அவன் மூளையைக் கனிவோடு உற்று நோக்குகின்றது. இவ்வரலாற்றின் பெரும்பேறு அதுவே.