பக்கத்தில் உட்கார்ந்தவரின் வரலாறு

கச்சேரி மேடையைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். நடுவில் பாடகர். ஒரு பக்கம் பிடில், இன்னொரு பக்கம் மிருதங்கம். பாடகர் ஆலாபனையை முடித்ததும் பிடில்காரர் அதே ராகத்தைத் தன் பங்குக்கு வாசிப்பார். ஸ்வரம் போட்டால் பதில் சொல்வார். மறுநாள் விமர்சனத்தில் கடைசி வரி அவருக்கு: 'பிடில் அனுசரணையாக இருந்தது.' இந்த 'அனுசரணை' என்கிற சொல்லுக்குள் ஒரு அதிகார உறவு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. துவாரம் வேங்கடஸ்வாமி நாயுடுவின் (1893–1964) வாழ்க்கையை அந்தச் சொல்லுக்கு எதிராக வைத்து வாசித்துப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

முதலில் ஒரு விஷயம். 'பக்கவாத்தியம்' என்கிற ஏற்பாடு ஆதியிலிருந்தே இருந்துவருவதல்ல. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இலக்கணம் சொல்லப்படுகிறது. யார் பக்கத்தில் யார் என்பது அங்கே பேச்சே இல்லை. பிடிலோ மிகப் பிந்தி வந்தது. பாலுஸ்வாமி தீட்சிதரும் (1786–1859) தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த ஐரோப்பியக் கருவியைக் கையில் எடுத்தார்கள். மோவாய்க்கடியில் இருந்ததைத் தரைக்குக் கொண்டுவந்து, தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி, தந்திகளை ச–ப–ச–ப என்று சேர்த்து, கமகத்துக்கு இடது கையை விடுவித்தோம். நூறு வருஷத்துக்குள் அது 'நம்ம' வாத்தியமாகிவிட்டது. அன்னியத்தை இவ்வளவு சுலபமாகச் செரித்த சங்கீதம், அதற்குக் கொடுத்த இடம் என்னவோ பக்கத்தில்தான்.

துவாரம் பெங்களூரில் பிறந்து விசாகப்பட்டினத்தில் வளர்ந்தவர். கண்பார்வை மிகவும் மங்கல். அண்ணன்தான் முதல் வாத்தியார். 1919இல் விஜயநகரத்தில் (ஹம்பி அல்ல, விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்திலுள்ள ஜமீன் ஊர்) அதன் மன்னர் ஒரு சங்கீதக் கல்லூரியைத் தொடங்கினார். ஹரிகதையில் பெரும்பெயர் பெற்ற ஆதிபட்ல நாராயணதாஸ் முதல் முதல்வர். மாணவனாகச் சேரப்போன துவாரத்தின் வாசிப்பைக் கேட்டுவிட்டு அவரையே ஆசிரியராக நியமித்துவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. நம்மவர்களுக்குப் பிடித்த கதை. மங்கிய கண், பிறவி மேதை, தற்செயலாகக் கிடைத்த அங்கீகாரம் என்று புராணத்துக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது.

ஆனால் புராணம் ஒன்றை மறைக்கிறது: சம்பளத்தை. பக்கவாத்தியக்காரரின் பிழைப்பு பாடகரின் தயவில் ஓடுவது. யார் கூப்பிடுவார், யார் ஒதுக்குவார் என்கிற கணக்கு வாசிப்புக்குள்ளும் வந்து உட்காரும். கொஞ்சம் ஓங்கி வாசித்தால் அடுத்த கச்சேரிக்கு அழைப்பு வராது. இருபத்தாறு வயதில் துவாரத்துக்குக் கிடைத்தது, பாடகர்களுக்கு வெளியே ஒரு பிழைப்பு. பின்னாளில் அவர் எடுத்த முடிவை இதை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன்.

வகுப்பறையையும் யோசிக்க வேண்டும். குருகுலத்தில் சிஷ்யன் தண்ணீர் சேந்தி, துணி துவைத்து, குருவின் மனசு இரங்குகிற நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டும். ஜாதியும் அங்கே திண்ணையிலேயே மறிக்கும். கல்லூரி இதையெல்லாம் ஒழித்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. அதுவும் மன்னர் கஜானாவில் நடந்ததுதான். ஆனால் கல்லூரியில் பிடில் ஒரு பாடம். முன்னால் பாடகர் கிடையாது. வாத்தியார் ராகத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தானே கட்டி எழுப்பிக் காட்டியாக வேண்டும். அப்படிப் பார்த்தால், துவாரத்தின் தனிக்கச்சேரி மேடைக்கு வருமுன்பே வகுப்பறையில் வருஷக்கணக்காக நடந்துகொண்டிருந்தது.

1936இல் அவர் கல்லூரி முதல்வரானார். 1938இல் வேலூரில் அவரது முதல் தனிக்கச்சேரி நடந்தது. சென்னை வானொலி நிலையம் தொடங்கியதும் அதே வருஷம்தான். சன்னமான வில் வீச்சையும் கடைசி வரிசைவரை கொண்டுசேர்க்கும் ஒலிபெருக்கி, முகம் காட்டாமல் ஒலியை மட்டும் தரும் வானொலி, இசைத்தட்டு: மூன்றும் இல்லாமல் தனி பிடில் நிலைத்திருக்குமா? நீண்ட வில், ஒரே இழுப்பில் மெலிந்தும் பெருத்தும் வரும் நாதம் என்பது துவாரத்தின் அடையாளம். தம்புராவின் நாதத்தைப் பற்றித் தனியே எழுதியும் பேசியும் வந்தவர் அவர். ஸ்வரங்களின் எண்ணிக்கையைவிட ஒற்றை ஸ்வரத்தின் உடம்பு அவருக்கு முக்கியமாக இருந்திருக்கிறது.

பிறகு வந்ததெல்லாம் தெரிந்த பட்டியல். 1941இல் சென்னை மியூசிக் அகாதமி மாநாட்டுத் தலைமை, 1953இல் சங்கீத நாடக அகாதமி விருது, 1957இல் பத்மஸ்ரீ, நூற்றாண்டான 1993இல் தபால்தலை. யெஹூதி மெனுஹின் கேட்டு வியந்த செய்தியைச் சொல்லாமல் அவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வெள்ளைக்காரர் தலையாட்டினால்தான் நமக்கு நம்பிக்கை வருகிறது, அவர்களிடமிருந்து வாங்கிய கருவிக்குக்கூட!

பட்டியலில் வராதது ஒன்று உண்டு. துவாரம் முதல்வராயிருந்த காலத்தில் அந்தக் கல்லூரியில் படித்தவர்களில் கண்டசாலாவும் பி. சுசீலாவும் அடக்கம். அவர்களுக்கு அவர் நேரடியாக எவ்வளவு சொல்லிக்கொடுத்தார் என்பதல்ல கேள்வி. சபாவுக்குள் காலெடுத்து வைக்காத நம் அம்மாக்கள் அடுப்படியில் முணுமுணுத்த பாட்டுக்கும் விஜயநகரத்து வகுப்பறைக்கும் ஒரு இழை ஓடுகிறது. சங்கீத வரலாற்றில் இந்த இழைக்கு இடமில்லை. மேடை கணக்கில் வரும்; கற்றுக்கொடுத்த உழைப்பு வராது. பட்டம் பெற்றவர் வருவார். தப்பான ஸ்வரத்தை நாற்பது தடவை திருத்தியவர் வரமாட்டார்.

'சபா சங்கீதத்தப் பத்தி நாம என்னத்துக்குங்க எழுதணும்?' என்று களத்தில் நிற்கும் நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். மையம், விளிம்பு என்று நாம் ஓயாமல் பேசுகிறோம். ஆறடி மேடைக்குள்ளேயே ஒரு மையமும் விளிம்பும் இருப்பதையும், விளிம்பில் இருந்தவர் நடுவுக்கு வர ஒரு சம்பளமும் ஒரு வகுப்பறையும் ஒரு ஒலிபெருக்கியும் தேவைப்பட்டதையும் பார்க்க மறுத்தால் அந்தப் பேச்சு வெறும் பேச்சாகிவிடும். துவாரம் நடுவில் வந்து உட்கார்ந்தார். அவர் காலி செய்த பக்கத்து இடம் அப்படியே இருக்கிறது. இன்று மாலையும் அங்கே யாரோ ஒருவர் பாடகரின் முகத்தைப் பார்த்தபடி வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்.