விரல் நுனியில் தோல் உரிவது ஏன்? வெடிப்பு ஆற செய்ய வேண்டியவை

குளிர்காலம் தொடங்கியதும் வட மாநிலங்களில் பலருக்கு விரல் நுனிகள் வறண்டு, செதில் செதிலாக உரிந்து, மெல்லிய கோடுகளாக வெடிக்கத் தொடங்குகின்றன. எலுமிச்சைச் சாறு பட்டால் எரிகிறது. சட்டைப் பொத்தானைப் போடுவதும் வலி தருகிறது. பாத்திரம் துலக்குவோர், சலவைத் தொழிலாளர்கள், கொத்தனார்கள், செவிலியர்கள், முடிதிருத்துவோர் ஆகியோருக்கோ இது பருவத்தைப் பொறுத்ததல்ல. ஆண்டு முழுவதும் நீடிக்கும் தொல்லை.

தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவருக்கு ஒப்பிடுவது மருத்துவ நூல்களின் வழக்கம். இறந்த செல்கள் செங்கற்கள். அவற்றைப் பிணைக்கும் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சாந்து. சோப்பும் சலவைத்தூளும் கரைத்து எடுத்துச் செல்வது இந்தச் சாந்தைத்தான். தோலின் அமிலகாரக் குறியீடு 5ஐ ஒட்டி இருக்க, சாதாரண சோப்புக் கட்டிகளின் குறியீடு 9 முதல் 10 வரை உள்ளது. உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலும் எண்ணெய்ச் சுரப்பிகளே இல்லை. எனவே இழந்த பசையை அந்த இடங்கள் விரைவில் மீட்டுக்கொள்வதில்லை. வெந்நீரும் அறைச் சூடேற்றிகளும் நிலைமையை மேலும் மோசமாக்குகின்றன.

முதல் வேலை, கழுவும் முறையை மாற்றுவது. வெந்நீருக்குப் பதில் வெதுவெதுப்பான நீர் போதும். மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கழுவ வேண்டும். அதன் அடியில் தங்கும் சோப்பு பல நேரங்களில் புண்ணின் தொடக்கப் புள்ளியாகிறது. கையில் அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ இல்லாதபோது, ஈரப்பதம் காக்கும் பொருள் சேர்ந்த சானிடைசர், சோப்பை விடக் குறைவாகவே தோலைப் பாதிக்கிறது. வெடிப்பில் பட்டால் அது எரிவதால்தான் பழி அதன் மேல் விழுகிறது.

கழுவியபின் ஒற்றித் துடைத்து, ஈரம் முழுவதும் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் பூச வேண்டும். நாளுக்கு ஒருமுறை பூசுவதால் பெரிய பயன் இல்லை. ஒவ்வொரு முறை கை கழுவியதும் பூசுவதே பலன் தரும். நீர்த்த லோஷனை விடக் கெட்டியான களிம்பு நல்லது. விலை மலிவான பெட்ரோலியம் ஜெல்லியே போதுமானது. இரவில் அதைத் தடிமனாகப் பூசி, பருத்திக் கையுறை அணிந்து உறங்கலாம். யூரியா கலந்த களிம்புகள் தடித்த தோலை மென்மையாக்கும். ஆனால் திறந்த வெடிப்பில் எரியும் என்பதால் பிளவு மூடிய பிறகு தொடங்குவது நல்லது. உரியும் தோலைப் பிய்த்தால் நல்ல தோலும் சேர்ந்து கிழியும். தூய கத்தரியால் நறுக்கிவிடலாம்.

வட இந்திய வீடுகளில் குளிர்காலத்தில் கடுகு எண்ணெய் தேய்ப்பது நெடுநாள் வழக்கம். ஆனால், எலிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், சேதமடைந்த தோல் தன் தடுப்புத் திறனை மீட்பதைக் கடுகு எண்ணெய் தாமதப்படுத்தியது தெரியவந்தது. சூரியகாந்தி எண்ணெய் அந்த மீட்சியை விரைவுபடுத்தியது. தேங்காய் எண்ணெயும் பொதுவாகத் தோலுக்கு உகந்ததே.

எல்லா உரிதலும் வறட்சியால் வருவதல்ல. எந்த விரல் என்பதே சில நேரங்களில் காரணத்தைச் சொல்லிவிடும். வலக்கையால் கத்தி பிடித்துப் பூண்டு நறுக்குவோருக்கு இடக்கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் நுனிகள் மட்டும் வெடிப்பதுண்டு. இது பூண்டு ஒவ்வாமை. சிமென்டில் உள்ள குரோமியம் கட்டடத் தொழிலாளர்களைப் பாதிக்கிறது. கோடையில் அரிப்போ சிவப்போ இன்றி வட்ட வட்டமாக உரிவது பெரும்பாலும் தீங்கற்றது. தானே சரியாகி மீண்டும் வரக்கூடியது. இரு பாதங்களிலும் ஒரே ஒரு கையிலும் செதில் உதிர்ந்தால் பூஞ்சைத் தொற்றாகிய படையைச் சந்தேகிக்க வேண்டும். தடித்த, எல்லை தெளிவான செதில்கள் சோரியாசிஸ் நோயாகவும் இருக்கலாம்.

இங்கேதான் பெரும் தவறு நேர்கிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்புகளில் பல, வலுவான ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் நுண்ணுயிர்க்கொல்லியும் கலந்தவை. இரண்டே நாளில் அரிப்பு அடங்குவதால் நோய் தீர்ந்ததாகத் தோன்றும். உள்ளே படையோ பரவும். உருவம் மாறிப்போவதால் மருத்துவரே அடையாளம் காணத் திணறுவார். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து மேலும் எளிதில் கிழியும். மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலான அட்டவணை ‘எச்’-இல் பல ஸ்டீராய்டு களிம்புகளை 2018ஆம் ஆண்டு மத்திய அரசு சேர்த்தது. ஆயினும் சீட்டில்லா விற்பனை நின்றபாடில்லை. கை அழற்சிக்கு ஸ்டீராய்டு நல்ல மருந்துதான். எத்தனை நாள், எவ்வளவு வீரியம் என்பதை மருத்துவர் வரையறுக்க வேண்டும்.

விரல்தோல் உரிவதால் வரும் இன்னொரு சிக்கல், கைரேகை. ரேகை மேடுகள் தேய்ந்தால் ஆதார் சரிபார்ப்புக் கருவி விரலை ஏற்க மறுக்கும். உணவுப் பொருளுக்காக ரேஷன் கடைக்குச் செல்லும் தொழிலாளிக்கு இது சிறிய தொல்லை அல்ல. ஆதார் முறையில் கருவிழி, முகப் பதிவு, கைப்பேசிக்கு வரும் ஓடிபி ஆகிய மாற்று வழிகள் உள்ளன. இதற்காகக் கைப்பேசி எண்ணை முன்கூட்டியே இணைத்துவைப்பது நல்லது. கேப்சிடபின் என்னும் புற்றுநோய் மருந்து உட்கொள்வோருக்கும் உள்ளங்கை சிவந்து உரிந்து, ரேகை மறைவதுண்டு. அவர்கள் தாமாகக் களிம்பு பூசிக் காத்திராமல் புற்றுநோய் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மருந்தின் அளவை மாற்ற நேரலாம்.

இரண்டு, மூன்று வாரங்கள் கவனித்தும் ஆறாவிட்டால் தோல் மருத்துவரைக் காண வேண்டும். சீழ், வீக்கம், முழங்கையை நோக்கி ஏறும் சிவப்புக் கோடு ஆகியவை தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சிறு பிளவும் தொற்றுக்கு வாசலாகும். சிறு குழந்தைக்கு ஐந்து நாள்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலுடன் கண் சிவப்பு, உதடு வெடிப்பு, உடலில் தடிப்பு இருந்தால் அது கவாசாகி நோயாக இருக்கலாம். அந்நோயில் விரல் நுனி உரிவது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் தெரியும். இதயத்தின் ரத்தக்குழாய்களைக் காக்கும் சிகிச்சையை முதல் பத்து நாள்களுக்குள் தொடங்குவது முக்கியம் என்பதால், உரிதலுக்காகக் காத்திராமல் காய்ச்சலின்போதே குழந்தை நல மருத்துவரிடம் செல்ல வேண்டும்.