சம்பளப் பட்டியலில் பிறந்த பதவி: இங்கிலாந்துப் பள்ளிகளில் நடுமட்டத் தலைமையும் கோச்சிங்கும்

இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் தலைமையாசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் நடுவே இன்று ஓர் அடுக்கு இருக்கிறது. கணிதத் துறைத் தலைவர், ஒன்பதாம் ஆண்டு மாணவர்களுக்குப் பொறுப்பானவர், தொடக்கப் பள்ளியில் அறிவியலைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியர் எனப் பலர் அதில் அடக்கம். வாரத்தின் பெரும்பகுதி இவர்களும் வகுப்பெடுப்பவர்கள்தான். அதோடு சக ஆசிரியர்களின் கற்பித்தலுக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள். இவர்களைத் தயார்செய்ய அரசு அங்கீகரித்த சான்றிதழ்ப் படிப்புகளும் கோச்சிங் ஏற்பாடுகளும் உள்ளன. இந்த வரலாற்றைத் தலைமைத்துவக் கோட்பாடுகளிலிருந்து தொடங்கினால் சீரான வளர்ச்சி ஒன்று தெரியும். சம்பளப் பட்டியலிலிருந்து தொடங்கினால் வரிசையே வேறு: முதலில் படித்தொகையோடு பதவி வந்தது, பல ஆண்டுகள் கழித்து அதற்கான வேலை வரையறுக்கப்பட்டது, அந்த வேலையைச் செய்யக் கற்றுக்கொடுப்பது கடைசியாகத்தான் யோசிக்கப்பட்டது. பதவியில் இன்றும் தீராமல் இருக்கும் சிக்கல்கள் பலவற்றுக்கு இந்த வரிசையே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முன்கதையில் சென்னைக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. ஆண்ட்ரூ பெல் 1789இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கான அநாதை இல்லத்துக்குக் கண்காணிப்பாளரானார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அதைத் தம் இல்லத்தில் புகுத்தினார். அதைவிட முக்கியமாக, மூத்த பையன்களைக் கொண்டு இளையவர்களுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைச் செய்தார். நம் சட்டாம்பிள்ளையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு குறைவு. அவருடைய அறிக்கை 1797இல் லண்டனில் அச்சாகி, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. ஓர் ஆசிரியர், அவருக்குக் கீழே பல படிகளில் சிறுவர்கள் என்ற அந்த அமைப்பை நடுமட்டத் தலைமையின் மூதாதை என்று சொல்ல ஆசை வரலாம். ஆனால் வாரிசுத் தொடர்ச்சி இல்லை. 1846இல் மாணவ-ஆசிரியர் முறை வந்ததும் சட்டாம்பிள்ளைகளின் காலம் முடியத் தொடங்கியது. அந்த முறையும் மறைந்தபின் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியரும் வகுப்பாசிரியர்களுமே மிஞ்சினர். உண்மையான முன்னோர்களை வேறிடத்தில் தேட வேண்டும்: ரக்பி போன்ற தனியார் விடுதிப் பள்ளிகளில் விடுதிக்குப் பொறுப்பான ஆசிரியர், தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்த்த கிராமர் பள்ளிகளில் ஒவ்வொரு பாடத்துக்கும் இருந்த மூத்த ஆசிரியர். முன்னவரிடமிருந்து மாணவர் நலப் பொறுப்பும் பின்னவரிடமிருந்து பாடத்துறைப் பொறுப்பும் கிளைத்தன.

படித்தொகை முதலில்

ஆசிரியர் ஊதியத்தைப் பேசித் தீர்க்கும் பர்னம் குழு 1919இல் அமைந்தது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் தொடர்ச்சியாக, 1945இல் தொடக்கப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் அனைவருக்கும் ஒரே அடிப்படை ஊதிய விகிதம் வந்தது. பெரிய சங்கமான தேசிய ஆசிரியர் சங்கத்துக்கு இது வெற்றி. கிராமர் பள்ளிப் பட்டதாரிகளுக்கோ மனக்குறை. அறிவியல், கணிதப் பட்டதாரிகளைத் தொழிற்சாலைகள் கூடுதல் சம்பளம் காட்டி இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. அடிப்படை விகிதத்தை உடைக்காமல் சிலருக்கு மட்டும் கூட்டிக் கொடுக்க ஒரு வழி தேவைப்பட்டது. 1956ஆம் ஆண்டு பர்னம் ஒப்பந்தம் துறைத் தலைவர்களுக்கும் சிறப்புப் பொறுப்பு ஏற்பவர்களுக்கும் தரவரிசைப்படி படித்தொகைகளை வகுத்தது.

இந்தப் பதவிகள் எத்தனை என்பதை முடிவு செய்த கணக்கைக் கவனிக்க வேண்டும். மாணவர் எண்ணிக்கையோடு அவர்களின் வயதும் எடைபோடப்பட்டது. வயது கூடக் கூட ஒரு மாணவருக்கான மதிப்பும் கூடியது. பதினெட்டு வயதுவரை பிள்ளைகளை வைத்திருந்த கிராமர் பள்ளிக்குப் பதவிகள் நிறைய, தொடக்கப் பள்ளிக்குச் சொற்பம். பள்ளியில் என்ன வேலை நடக்க வேண்டும் என்ற கேள்வி அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. யாரைத் தக்கவைத்துக்கொள்வது என்ற கேள்வி மட்டுமே இருந்தது. துறைத் தலைவர் பாடநூல் வாங்கினார், தேர்வு வகுப்புகளை எடுத்தார், அலமாரிச் சாவியை வைத்திருந்தார். பக்கத்து வகுப்புக்குள் நுழைந்து சக ஆசிரியர் பாடம் நடத்துவதைப் பார்ப்பது அவர் வேலை என்று யாரும் நினைக்கவில்லை. அப்படி நுழைவது அநாகரிகமாகக்கூடத் தோன்றியிருக்கும்.

1965இல் அமைச்சர் ஆன்டனி கிராஸ்லண்ட் காலத்தில் வெளியான 10/65 சுற்றறிக்கை, கிராமர் பள்ளிகளையும், அவற்றுக்குத் தேர்வாகாத பிள்ளைகள் படித்த செகண்டரி மாடர்ன் பள்ளிகளையும் ஒன்றாக்கும்படி உள்ளூர்க் கல்வி அதிகாரிகளைக் கேட்டுக்கொண்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களோடு பெரும் பள்ளிகள் எழுந்தன. இணைப்பின்போது பாடத்துறைப் பதவிகள் பட்டம் பெற்ற கிராமர் பள்ளி ஆசிரியர்களிடம் போவதும், ஆண்டுப் பிரிவு, ‘ஹவுஸ்’ பொறுப்புகள் செகண்டரி மாடர்ன் ஆசிரியர்களைச் சமாதானப்படுத்தக் கிடைப்பதும் பல இடங்களில் நடந்தன. மாணவர் நலம் ஒரு கிளை, பாடம் இன்னொரு கிளை என்ற பிரிவினை கல்விக் கொள்கையிலிருந்து வந்ததைப் போலவே பணியாளர் பங்கீட்டிலிருந்தும் வந்தது.

வேலை பிறகு

1970களின் நடுவில்தான் ‘இவர்கள் என்ன செய்கிறார்கள்?’ என்ற கேள்வி எழுந்தது. மொழிக் கல்வி பற்றிய 1975ஆம் ஆண்டு புல்லக் அறிக்கை, ஒவ்வொரு பள்ளியிலும் சக ஆசிரியர்களுக்கு மொழி கற்பிப்பதில் ஆலோசனை சொல்லத் தகுதியுள்ள ஓர் ஆசிரியர் வேண்டும் என்றது. 1982ஆம் ஆண்டு காக்ராஃப்ட் அறிக்கை தொடக்கப் பள்ளிக் கணிதத்துக்கும் அப்படியொரு பொறுப்பாளரைக் கேட்டது. இரண்டுக்கும் நடுவே, 1978இல் அரசுப் பள்ளி ஆய்வாளர்கள் வெளியிட்ட தொடக்கக் கல்வி ஆய்வு சங்கடமான ஒரு செய்தியைச் சொன்னது: பொறுப்புப் பதவி வகித்தவர்கள் பள்ளி முழுவதன் வேலைத்தரத்திலும் கண்ணுக்குத் தெரியும் தாக்கம் ஏற்படுத்தியது, ஆய்வு செய்த பள்ளிகளில் கால்பங்கில்தான். மிச்ச முக்கால்பங்கில் பதவி இருந்தது, படித்தொகை இருந்தது, அடுத்த வகுப்பில் அதன் சுவடு தெரியவில்லை. இந்தப் பொறுப்பாளர்களை நெருங்கி ஆராய்ந்த ஜிம் கேம்ப்பெல்லின் நூல் 1985இல் வந்தது. சொந்த வகுப்பும் சக ஆசிரியர்களின் எதிர்பார்ப்பும் நேரமின்மையும் இவர்களை எப்படி எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன என்பதை அது பதிவுசெய்தது. பின்னர் வந்த எந்தத் திட்ட ஆவணத்தையும்விட அந்த நூல் நேர்மையானது என்பது என் கருத்து.

1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம் தேசியப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தபோது நிலைமை ஒரே வீச்சில் மாறியது. ஒவ்வொரு பாடத்துக்கும் சட்டப்படியான உள்ளடக்கம் வந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பொறுப்பாளர் தேவைப்பட்டார். நான்கு ஆசிரியர்களே உள்ள கிராமத் தொடக்கப் பள்ளியில் ஒருவர் தலையில் இரண்டு மூன்று பாடங்கள் விழுந்தன. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆஃப்ஸ்டெட் ஆய்வு அமைப்பு உருவாகி, துறைவாரியாகக் கேள்வி கேட்கத் தொடங்கியது. அதே காலத்தில் ஆய்வாளர்களும் துறையை ஓர் அலகாக எடுத்துக்கொண்டனர். 1995இல் ஆல்மா ஹாரிஸும் உடன் ஆய்வாளர்களும் சிறந்த துறைகள் பற்றி எழுதினர். 1997இல் பாம் சாமன்ஸ், சாலி தாமஸ், பீட்டர் மார்ட்டிமோர் மூவரும் எழுதிய நூல், ஒரே பள்ளிக்குள் துறைக்குத் துறை மாணவர் முன்னேற்றம் வெகுவாக வேறுபடுவதைக் காட்டியது. நல்ல பள்ளி, மோசமான பள்ளி என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவது அதன்பின் கடினமாயிற்று. 1998இல் ஆசிரியர் பயிற்சி முகமை பாடத் தலைவர்களுக்கான தேசியத் தரங்களை வெளியிட்டது. படித்தொகை வந்து 42 ஆண்டுகள் கழித்து, அந்தப் பணத்துக்கு என்ன வேலை என்பதை நாடு தழுவிய ஓர் ஆவணம் விரிவாகச் சொன்னது.

கோச்சிங்: இரண்டு ஊற்றுகள்

வேலை எழுதப்பட்டதும் ஒரு பழைய தயக்கம் மேலே வந்தது. 2000ஆம் ஆண்டு நவம்பரில் நாட்டிங்ஹாமில் பள்ளித் தலைமைக்கான தேசியக் கல்லூரி தொடங்கியது. அதற்காக நைஜல் பென்னட்டும் குழுவினரும் 2003இல் தொகுத்த ஆய்வு மதிப்பீடு, இப்பதவியின் இரண்டு உட்பூசல்களைத் தெளிவாக்கியது. பள்ளி முழுவதற்கும் உழைக்க வேண்டும் என்பது மேலிடத்து எதிர்பார்ப்பு. தம் துறைக்காக வாதாட வேண்டும் என்பது துறையினரின் எதிர்பார்ப்பு. அடுத்தது, மேலதிகாரியாகச் சக ஆசிரியரைக் கண்காணிக்க வேண்டும் என்ற கட்டளைக்கும், நாம் எல்லாரும் சமம் என்ற ஆசிரியர் அறைப் பண்பாட்டுக்கும் இடையிலான மோதல். வகுப்பைப் பார்வையிடுவது வேவு பார்ப்பதாகவே உணரப்பட்டது. வகுப்புக்குள் போக வேண்டும், ஆனால் அதிகாரியாகப் போகக் கூடாது. இந்த இக்கட்டுக்கு விடையாகத்தான் கோச்சிங் பள்ளிக்குள் அழைக்கப்பட்டது.

அப்படி வந்த கோச்சிங் ஒன்றல்ல. ஓர் ஊற்று அமெரிக்க டென்னிஸ் ஆட்டக்களம். திமொத்தி கால்வே 1974இல் எழுதிய நூல், ஆட்டக்காரருக்குக் கட்டளையிடுவதை நிறுத்தி அவர் கவனத்தைக் கூர்மையாக்கினால் போதும் என்றது. முன்னாள் கார்ப் பந்தய வீரர் ஜான் விட்மோர் அந்தச் சிந்தனையைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்து நிறுவன மேலாளர்களுக்கு ஏற்றபடி மாற்றினார். 1992இல் வெளியான அவருடைய நூல் வழியே ‘க்ரோ’ என்ற உரையாடல் முறை பரவியது. இலக்கு என்ன, இப்போதைய நிலை என்ன, என்னென்ன வழிகள் உண்டு, எதைச் செய்யப் போகிறீர்கள் என்ற நான்கு வகைக் கேள்விகள்தான் அது. இம்முறையில் கோச் பதில் சொல்வதில்லை, கேள்விதான் கேட்பார். பாடம் தெரியாதவர்கூடக் கோச்சாக இருக்க முடியும்.

மற்ற ஊற்று வகுப்பறை. புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980இல் ஆசிரியர் பணியிடைப் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் திரட்டினர். கோட்பாட்டை விளக்குவது, செய்து காட்டுவது, பழகவைப்பது, குறை நிறை சொல்வது ஆகியவற்றோடு, வகுப்புக்கே வந்து உடன் நிற்கும் கோச்சிங்கும் சேர்ந்தால்தான் புதிய முறை வகுப்பில் வேரூன்றும் என்றனர். இங்கே கோச் என்பவர் அந்த முறையை அறிந்தவர். ஜாய்ஸ், ஷவர்ஸ் பெயரில் பயிற்சி அரங்குகளில் சுற்றும் சதவீத அட்டவணை அவர்களின் தோராய மதிப்பீடு மட்டுமே. அளந்து கண்ட முடிவாக அதைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அதைவிடக் கவனிக்க வேண்டியது 1996இல் அவர்களே செய்த திருத்தம். ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் கோச்சாக இருக்கும்போது வாய்மொழியாகக் குறை நிறை சொல்வதையே அவர்கள் விலக்கிவிட்டனர். சொல்லத் தொடங்கியதும் சக ஆசிரியர் மேலதிகாரியின் தொனிக்கு நழுவி, கூட்டுழைப்பு குலைந்துபோனதைக் கண்டனர். பென்னட் குழு இங்கிலாந்தில் கண்ட அதே தயக்கத்தை ஜாய்ஸும் ஷவர்ஸும் அமெரிக்காவில் ஏற்கனவே சந்தித்திருந்தனர்.

தேசியக் கல்லூரி 2003இல் தொடங்கிய ‘லீடிங் ஃப்ரம் த மிடில்’ திட்டம் முதல் ஊற்றைச் சார்ந்தது. ஒரு பள்ளியிலிருந்து சிலர் குழுவாகச் சேர்வார்கள். அதே பள்ளியின் மூத்த நிர்வாகி ஒருவர் அவர்களுக்குக் கோச். சிக்கனமான ஏற்பாடுதான், பள்ளிச் சூழல் அறிந்தவர் என்ற நன்மையும் உண்டு. ஆனால் உங்கள் பலவீனத்தைத் திறந்து பேசுங்கள் என்று இன்று கேட்பவரே நாளை ஊதிய உயர்வுப் பரிந்துரையில் கருத்துச் சொல்லக்கூடியவர். கண்காணிப்பின் சங்கடத்தைத் தீர்க்க வந்த கருவியைக் கண்காணிப்பாளர் கையிலேயே கொடுத்தது இந்தத் திட்டத்தின் அடிப்படைக் கோளாறு. 2005இல் வெளியான வழிகாட்டல், கோச்சிங் ஆகியவற்றுக்கான தேசியச் சட்டகம், துறை வல்லுநர் செய்யும் கோச்சிங்கையும் சமமானவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் கோச்சிங்கையும் கவனமாகப் பிரித்துக் காட்டியது. பள்ளிகள் அந்தப் பிரிவை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

இதற்கிடையில் சம்பளப் பட்டியல் மீண்டும் குறுக்கிட்டது. 2006 ஜனவரியில் பழைய மேலாண்மைப் படிகள் போய், கற்பித்தல்-கற்றல் பொறுப்புப் படி வந்தது. அதைப் பெறுபவர் பிற ஆசிரியர்களின் கற்பித்தலை வளர்த்தெடுக்க வேண்டும் என்பது நிபந்தனைகளுள் ஒன்று. மாணவர் நலப் பதவிகள் பல இந்த மாற்றத்தில் படித்தொகையை இழந்தன. சில பள்ளிகளில் அவ்வேலை ஆசிரியரல்லாதவர்களிடம் போனது. இன்னொருவரின் வகுப்பை மேம்படுத்துவது இப்போது ஊதியத்தோடு கட்டப்பட்ட கடமை.

2012இல் நடுமட்டத் தலைமைக்கான தேசியத் தகுதிச் சான்றிதழ் வந்தது. 2021 இலையுதிர் காலத்தில் அதை எடுத்துவிட்டு, கற்பித்தலை வழிநடத்துதல், ஆசிரியர் வளர்ச்சியை வழிநடத்துதல், நடத்தையையும் பள்ளிப் பண்பாட்டையும் வழிநடத்துதல் என்ற மூன்று சிறப்புச் சான்றிதழ்களை வைத்தனர். பொதுவான தலைமைப் பண்பு என்ற பேச்சு பின்னுக்குப் போனது. எதை அறிய வேண்டும், எதைச் செய்யக் கற்க வேண்டும் என்ற பட்டியல் முன்னுக்கு வந்தது. கோச்சிங்கும் இரண்டாவது ஊற்றுக்கு மாறியது: வகுப்பைப் பார்த்து, ஒரு சிறு செயலைத் தேர்ந்து, ஒத்திகை பார்த்து, மறுபடி பார்ப்பது. இந்தத் திருப்பத்துக்கு வலுச் சேர்த்த ஆய்வு மேத்யூ கிராஃப்ட், டேவிட் பிளேஸர், டிலன் ஹோகன் ஆகியோர் 2018இல் 60 ஆய்வுகளைத் தொகுத்தது. கற்பித்தலில் 0.49, மாணவர் அடைவில் 0.18 திட்டவிலக்க அளவுக்கு முன்னேற்றம் என்பது அதன் முடிவு. அதே கட்டுரை சொன்ன மற்றதை ஆர்வலர்கள் மெதுவாகத்தான் சொல்கிறார்கள்: திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் சுருங்குகிறது. நாடு தழுவிய சான்றிதழுக்கு இதைவிடக் கசப்பான முடிவு இருக்க முடியாது.

2019 செப்டம்பரில் ஆஃப்ஸ்டெட்டின் புதிய ஆய்வுச் சட்டகம் ‘டீப் டைவ்’ என்ற துறைவாரி ஆழ்விசாரணையைக் கொண்டுவந்தது. தொடக்கப் பள்ளியில் புவியியலுக்குப் பெயரளவில் பொறுப்பேற்றிருந்த இளம் ஆசிரியரும் பாடத்திட்ட வரிசையை ஆய்வாளர் முன் விளக்க வேண்டியதாயிற்று. பலருக்கு இதற்கெனப் படித்தொகையே கிடையாது. 1956இல் வேலையில்லாத படித்தொகை இருந்தது. இப்போது படித்தொகையில்லாத வேலை. தரநிலை வழங்காத ஆய்வுகளில் இந்த விசாரணை 2024இல் கைவிடப்பட்டது. அரசு செலவில் கிடைத்துவந்த சான்றிதழ்ப் படிப்பு இடங்களும் அதே ஆண்டு குறைக்கப்பட்டன.

நேரக் கணக்குதான் இன்னும் தீராதது. 2005 செப்டம்பர் முதல் ஒவ்வோர் ஆசிரியருக்கும் கற்பிக்கும் நேரத்தில் குறைந்தது 10 சதவீதம் பாடத் தயாரிப்புக்கும் திருத்தலுக்கும் சட்டப்படி ஒதுக்கப்படுகிறது. பணியில் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதலாண்டில் மேலும் 10 சதவீதம், இரண்டாமாண்டில் 5 சதவீதம் குறைப்பு உண்டு. தலைமைப் பொறுப்பு வகிப்பவருக்கோ, இயன்றவரை நியாயமான அளவு நேரம் தர வேண்டும் என்று மட்டும் ஊதிய-பணி நிபந்தனை ஆவணம் சொல்கிறது; எத்தனை சதவீதம் என்பதைச் சொல்லவில்லை. வகுப்பைப் பார்க்கவும் பார்த்ததைப் பேசவும் மறுபடி போய்ப் பார்க்கவும் வேண்டிய மணிநேரத்தை அந்தந்தப் பள்ளியின் கால அட்டவணை போடுபவரே முடிவு செய்கிறார்.